கட்டிலில் சாகும் சிப்பாய்

களத்திலே விழுந்தால் அவன் வீரன். உடலின்மேல் கொடி போர்த்துவர், குழல் ஊதுவர், துப்பாக்கிகள் வானை நோக்கி முழங்கும். அமைச்சர் வருவார், ஆட்சியர் வருவார், மலர்வளையம் வரும், நிழற்படக்காரரும் வருவர். 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கல்வான் பள்ளத்தாக்கிலே மாண்ட ஹவில்தார் பழனிக்கு, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் மண்ணிலே நாடு அவ்விதமே விடை கொடுத்தது. அது தகும், முற்றிலும் தகும். அந்தப் பெருமையிலே ஓர் அணுவையும் குறைத்துப் பேச இக்கட்டுரை எழுதப்படவில்லை.

நான் கேட்பது மற்றொருவனைப் பற்றி. அவனும் அதே உடை உடுத்தியவன்; அதே பனிமலையிலே, அதே பாலைமணலிலே காவல் நின்றவன். குண்டு அவனைத் தேடி வரவில்லை, அவ்வளவே. ஊர் திரும்பினான், உழைத்தான், மூத்தான். இன்று கயிற்றுக் கட்டிலிலே கிடக்கிறான். மூச்சு இழுக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, முதுகிலே படுக்கைப்புண். அவனுடைய சாவு எந்தக் கணக்கிலே சேரும்? அவனுக்குக் குழல் ஊதுவார் இல்லை. ஊதவேண்டும் என்பதும் என் வாதம் அன்று. அவன் வாயிலே ஒரு மிடறு நீர் ஊற்றவும், புண்ணைத் துடைக்கவும், வலியைத் தணிக்கவும் யாருக்குக் கடமை என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை வல்லம் வடகாலில் இருந்துகொண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் இந்தத் தொழில் வட்டாரம் வருங்காலத்தின் முகப்பு என்று போற்றப்படுகிறது. விமானத் தொழிற்பூங்கா இங்கே. ஆளில்லா வான்கலங்களைச் சோதித்துப் பார்க்கும் நிலையத்துக்குத் திட்டமிட்ட இடமும் இங்கே. படைக்கருவித் தொழிலை வளர்க்கத் தமிழ்நாட்டிலே தனிப் பெருவழி ஒன்றை 2019-இல் தொடங்கினர். 2017 முதல் இங்கே உருவாகிவரும் என்ஃபீல்டு வண்டியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1950-களில் இந்தியப் படைக்கு மோட்டார்வண்டி வேண்டியிருந்ததே அத்தொழில் சென்னையிலே வேரூன்றக் காரணமாயிற்று. 2024 ஆகஸ்டிலே 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கு மாபெரும் விடுதி ஒன்றும் இங்கே திறக்கப்பட்டது. நன்று! உழைக்கும் உடலுக்குப் படுக்கை தேடித் தரும் அறிவு நம் அரசுக்கு இருக்கிறது. படைக்குப் பறக்கும் பொறியைச் சோதித்துத் தரும் திறனும் இருக்கிறது. அந்தப் படையிலே நின்று திரும்பிய மனிதனோ தொழிற்சாலை வாயிலிலே காவலாளி உடையில் நிற்கிறான், ஒவ்வொரு காருக்கும் பழைய பழக்கத்தால் விறைப்பாக வணக்கம் வைத்தபடி. அந்தக் கை தூக்க முடியாமற்போகும் நாளிலே அவன் எங்கே போகிறான் என்று கேட்பாரைக் காணோம்.

சாவுக்குச் சாவு தரம் பிரிக்கும் இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. புறநானூற்றின் 93-ஆம் பாட்டிலே ஔவையார் ஒரு வழக்கத்தைச் சொல்லிப் போகிறார். நோயிலே இறந்த மன்னரின் உடலைத் தருப்பைப் புல்லின்மேல் கிடத்தி, மறையோதுவோர் வாளால் கீறுவார்களாம். அப்படிக் கீறினால் போரிலே மாண்டவர் புகும் உலகத்துக்கு அவரும் போய்ச் சேர்வாராம். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! செத்த உடலுக்கு ஒரு பொய்க் காயம், அந்தப் பொய்க் காயத்துக்கு மேலுலகிலே ஓர் இருக்கை, இருக்கை வாங்கித் தரும் தரகுக்கு மறையோதும் வாய்! கட்டிலிலே சாவது இழுக்கு என்ற எண்ணம் அன்றே வேர் விட்டிருந்தது. அந்த இழுக்கைத் துடைக்கும் வித்தையும் உடன் பிறந்திருந்தது.

அதே தமிழ்நிலத்திலே மற்றொரு வழக்கமும் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களையும், செங்கம் பகுதியின் நடுகற்களையும் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்ட ஊர்க்காரனுக்குக் கல் நட்டு, இன்னான் என்று எழுதினர். மன்னனுக்கு மட்டும் கல் என்றில்லை. மாடு மீட்டவனுக்கும் கல். நம் முன்னோரிடம் எடுத்துக்கொள்ளத் தக்கது இதுவென்றால், தள்ளத் தக்கது அந்தத் தருப்பை.

வகுப்பிலே ஒரு நாள், படைவீரர் ஒருவரின் இறுதி வணக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அந்தத் துப்பாக்கிச் சத்தம் செத்தவருக்குக் கேக்குமா சார்?” என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகுத்தறிவு பேசும் நாம் விடை சொல்லக் கடமைப்பட்ட கேள்வி அது. கேட்காது. செவி இறந்தபின் ஓசை இல்லை. மூளை ஓய்ந்தபின் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. அப்படியானால் மரியாதை யாருக்கு?

நம்மிலே சிலர், “ஆகவேதான் சொல்கிறோம், எல்லாம் வீண் சடங்கு, விட்டுத் தள்ளுங்கள்” என்பர். அவர்கள் பாதி வழி வந்து நின்றுவிட்டவர்கள் என்பேன். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் படையிலே சேர்ந்தபோது நாடு அவனிடம் ஒரு சொல் கொடுத்தது: “நீ நில், உன் வீட்டாரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” அந்தச் சொல் செவியுள்ளவனுக்குக் கொடுத்த சொல், அதை நம்பி அவன் நின்றான். கடனின் தவணை மட்டும் அவன் சாவை ஒட்டி வருகிறது. வாங்கியவன் செத்தான் என்று கடனைத் தள்ளுபடி செய்வது பகுத்தறிவாகாது. அது கடன்காரனின் தந்திரம். நாம் இறந்தவனின் ஆவிக்குப் படைக்கவில்லை. உயிரோடிருந்தவனுக்குச் சொன்னதை உயிரோடிருக்கும் அவன் மனைவிக்கும் மக்களுக்கும் கொடுக்கிறோம்.

இப்படிப் பார்த்தால், எது மரியாதை, எது சடங்கு என்பது தெளியும். உயிரோடிருந்தபோது தந்தைக்குக் கஞ்சி ஊற்றாதவன், செத்தபின் பிண்டம் வைத்து எள்ளும் நீரும் இறைக்கிறான் என்று வைதிகனைப் பழிக்கிறோமே, கடைசி ஆறு திங்கள் மருந்துக்கு வழி செய்யாமல் மலர்வளையம் அனுப்பும் அரசு எதில் வேறுபட்டது? அதுவும் சிராத்தம்தான், புரோகிதனுக்குப் பதில் அதிகாரி, தருப்பைக்குப் பதில் கொடித்துணி.

ஏட்டிலே இருப்பதைப் பார்ப்போம். சாதாரணச் சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமானால் 15 ஆண்டுப் பணி நிறைய வேண்டும். தாய் படுத்தாள், நிலம் கரம்பாயிற்று என்று பன்னிரண்டாம் ஆண்டில் விலகி வந்தவனுக்கு அது இல்லை. முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் வந்தது. அதுவும் ஓய்வூதியக்காரரைச் சுற்றியே கட்டப்பட்டது. 2019-இலே இரண்டாம் உலகப்போர் வீரர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு அதன் கதவைத் திறந்தனர். 1945-இல் முடிந்த போர்! அன்று இருபது வயது இளைஞனாய் இருந்தவனுக்கு 2019-இல் தொண்ணூற்று நான்கு. எத்தனை பேர் அந்தக் கதவு வரை நடந்து வந்திருப்பர்?

ஓய்வூதியமும் வருவாயும் அற்ற, 65 வயதைக் கடந்த முன்னாள் படைவீரருக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் ஒன்றிய அரசின் நல நிதியிலிருந்து திங்கள்தோறும் 4,000 ரூபாய் தரப்பட்டு வந்தது. 2025 அக்டோபரிலே அதனை 8,000 ஆக உயர்த்தினர். பாராட்டுவோம். ஆனால் அது உரிமை என்றன்று, ‘வறுமை உதவி’ என்ற பெயரில் வருகிறது. அறுபது வயதிலே புற்று வந்தவன் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும், புற்று காத்திருக்குமா?

கைம்பெண்ணுக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியத்திலும் சாவின் வகைக்கேற்ற படிக்கட்டு உண்டு. போரிலே இறந்தால் கடைசிச் சம்பளம் முழுமையும். பணியின் காரணத்தால் இறந்தால் நூற்றுக்கு 60. நோயிலோ மூப்பிலோ இறந்தால், தொடக்க ஆண்டுகளின் உயர்ந்த விகிதம் கழிந்தபின், நூற்றுக்கு 30. போரிலே கணவனை இழந்தவளுக்குக் கூடுதலாகத் தருவதிலே எனக்கு மறுப்பு இல்லை. இளம் வயதிலே குழந்தைகளோடு நிற்பவள் அவள். எனினும் உலைக்கு அரிசி போடும்போது, கணவன் எவ்வகையில் செத்தான் என்று அரிசி கேட்பதில்லை.

இனி வரப்போகிறவர்களையும் நினையுங்கள். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தின்படி நான்காண்டுப் பணி. நூற்றுக்கு 25 பேர் வரை நிலைப்பர். மற்றவர் ஏறத்தாழ 11.71 லட்ச ரூபாயோடு வீடு திரும்புவர், ஓய்வூதியம் இன்றி. முதல் அணியின் நான்காண்டு 2026-இன் இறுதியை ஒட்டி முடிகிறது. இன்று இருபத்திரண்டு வயதுக் காளையாய்த் திரும்புகிறவன் 2070-களில் கட்டிலிலே கிடக்கும்போது, அவன் யாருடைய பொறுப்பு? அத்திட்டத்தின்கீழ்ச் சேர்ந்த பஞ்சாப் இளைஞன் ஒருவன் 2023 அக்டோபரிலே காவல் பணியில் இருந்தபோது இறந்தான். தன் கையாலேயே பட்ட குண்டுக்காயம் என்றது படை. அத்தகைய சாவுக்கு இராணுவ மரியாதை இல்லை, 1967-ஆம் ஆண்டு ஆணை அப்படி என்று விளக்கமும் தந்தது. மனம் உடைந்து மாய்வது இழுக்கு என்று அன்று எழுதிய அந்த ஆணைக்கும், நோயால் இறப்பது இழுக்கு என்று வாளால் கீறிய வழக்கத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு?

வலியைப் பற்றி ஒரு சொல். முன்வினை என்பான் வைதிகன். சென்ற பிறவியிலே செய்ததை இப்போது அனுபவிக்கிறான் என்பான். வலி என்பது நரம்பின் செய்தி. மார்பின் என்னும் மருந்து அதனைத் தணிக்கும். 1985-ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் அம்மருந்து மருத்துவமனைகளுக்கே எட்டாக் கனியாயிற்று. 2014-இலே சட்டத்தைத் திருத்தி வழி விட்டனர். தமிழ்நாட்டிலே 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து தருகிறது. படுத்துக்கிடப்போருக்கு நோய்தணிப்புப் பேணுதலும் அதன் பணிகளிலே ஒன்று. ஆக, சிப்பாய்க்கென்று தனியாக ஓர் உலகத்தைப் படைக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு நெசவாளிக்கும் எதிர்வீட்டுக் கூலிக்காரிக்கும் வரும் அதே செவிலியர் அவன் வீட்டுக்கும் வந்தால் போதும். எல்லோருக்கும் உரியதை அவனுக்கும் மறவாது கொடுப்பதே முதல் மரியாதை.

இனிச் சுடுகாட்டுக்கு வருவோம்.

பூந்தமல்லிச் சாலையிலே நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் சிதறிக்கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்த்து 1952-இல் அமைத்தனர். அதிகாரி, சிப்பாய் என்று கல்லின் அளவிலே வேறுபாடு இல்லை. புல் ஒன்று, வரிசை ஒன்று. முதல் உலகப்போரின்போது 1917-இல் நிறுவப்பட்ட கல்லறை ஆணையம் ஏற்ற கொள்கை அது: பதவியாலோ இனத்தாலோ மதத்தாலோ பிரித்தல் கூடாது. சொன்னபடி செய்தார்களா? இல்லை. பாஸ்ராவிலே எழுப்பிய நினைவுச்சின்னத்தில் வெள்ளையனுக்குப் பெயர் பொறித்தனர். இந்தியச் சாதாரணச் சிப்பாய்க்குப் படைப்பிரிவுதோறும் எண்ணிக்கை மட்டும் பொறித்தனர். ஆப்பிரிக்கரும் மேற்காசியரும் எனக் குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ, நினைவே இன்றியோ விடப்பட்டனர் என்று அந்த ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறாண்டு கழித்தாயினும் கணக்குப் பார்த்தானே, அதை நாம் கற்க வேண்டும்.

நம் காஞ்சி மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கத்திலே பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். சென்னை சாப்பர்ஸ் படைப்பிரிவினர். 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியிலே, கண்ணிவெடி வெடிக்கப்போகும் நொடியில் அதன்மேல் பாய்ந்து, தன் உடலால் அதனை மூடி, உடனிருந்தோரைக் காத்து மாண்டார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். அவர் பெயர் இத்தாலி நாட்டுச் சாங்ரோ ஆற்றங்கரை நினைவுச்சின்னத்திலே இருக்கிறது. எரியூட்டப்பட்ட இந்திய வீரர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே உள்ளன. எந்த மதத்தான், எந்த மொழியான் என்று பாராது ஒரே சுவரிலே! அயலான் மண்ணிலே அடுத்தடுத்து நிற்கும் அந்தப் பெயர்கள் நம் மண்ணிலே அப்படி நிற்குமா?

1999 கார்கில் போருக்கு முன், களத்தில் இறந்தவரைப் பெரும்பாலும் அங்கேயே எரித்தனர் அல்லது புதைத்தனர். களத்துச் சிதை சாதி கேட்கவில்லை. உடல் பெட்டியிலே ஊருக்கு வரத் தொடங்கியதும், ஊர் கேட்கத் தொடங்கியது. 2016 ஜூனில் காசுமீரத்துப் பாம்போரிலே கொல்லப்பட்டார் மத்திய ரிசர்வ் போலீசுப் படையின் வீர் சிங். உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத் மாவட்டத்திலே அவர் ஊர். தாழ்த்தப்பட்ட சாதியார் என்பதால், பொது நிலத்திலே அவருக்குச் சிதை அடுக்கக்கூடாது என்று மேல்சாதியார் மறித்தனர். அதிகாரிகள் வந்து பேச்சு நடத்தி, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம் கிடைத்தது. எல்லையிலே நாட்டின் நிலத்தைக் காத்தவனுக்கு, ஊரிலே நூறு சதுர மீட்டர் பேரம்!

அமெரிக்காவிலே இதே கொடுமை 1951-இல் நடந்தது. கொரியப் போரிலே மாண்ட செவ்விந்தியர், சார்ஜன்ட் ஜான் ரைஸ். சூ சிட்டியின் தனியார் கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் நடந்துகொண்டிருக்கையில், வெள்ளையரல்லர் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டனர். செய்தி எட்டியதும் குடியரசுத் தலைவர் ட்ரூமன், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையிலே இடம் தந்தார். நிறவெறியைப் படித்துப் பதறும் நம் பத்திரிகைகள், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தைப் படித்தபோது எவ்வளவு பதறின? 2019 ஆகஸ்டிலே அங்கே, சுடுகாட்டுப் பாதையை மறித்துவிட்டதால், தாழ்த்தப்பட்டவர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினர். இறந்தவர் சிப்பாய் அல்லர். சிப்பாயாய் இருந்திருந்தாலும் பாதை திறந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சாதி பாராத பொது மயானத்தைக் கொண்ட சிற்றூர்களுக்கு 10 லட்ச ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. ஒன்றாய் எரிவதற்குப் பரிசு தரவேண்டிய நிலை! எனினும் பரிசைக் காட்டியாவது இணைக்க முடியுமானால் இணைக்கட்டும்.

கைம்பெண்ணின் நிலையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கொடியை மடித்து மரியாதையோடு அவள் கையிலே கொடுக்கிறது படை. பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ அதே கையின் வளையலை உடைக்கிறது ஊர். ஒரு கை, இரண்டு ஆட்சி! மராட்டிய மாநிலத்துக் கோலாப்பூர் மாவட்டத்திலே ஹேர்வாட் என்னும் ஊராட்சி, 2022 மே திங்களில், வளையல் உடைத்தல், பொட்டழித்தல் முதலியவற்றை விடவேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. பெரியார் பிறந்த நாட்டிலே எத்தனை ஊராட்சி அவ்விதம் எழுதியிருக்கிறது?

“போரையே வெறுக்கும் நாம் சிப்பாய்க்கு ஏன் வாதாட வேண்டும்?” என்று ஒரு தோழர் கேட்டார். போரை முடிவு செய்பவன் சிப்பாய் அல்லன். நிலமில்லாத வீட்டின் மூத்த பிள்ளை, தங்கை திருமணக் கடனுக்காக வரிசையிலே நின்று மார்பளவு கொடுத்தவன் அவன். ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு. ஆதிக்கம் பயன்படுத்தித் தூக்கியெறிந்த மனிதனைக் கைவிடுவது வேறு. மேலும், மரியாதை படைக்கு மட்டும் உரியது என்ற எல்லையைத் தமிழ்நாடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. எந்த அரசுப் பதவியும் வகிக்காத பெரியாரை 1973 டிசம்பரிலே அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது இந்நாடு. உடலுறுப்புகளைக் கொடையாகத் தந்து இறப்போருக்கும் அரசு மரியாதை உண்டு என்று 2023 செப்டம்பரிலே அறிவித்தது. கூலிக்காரனும் குடும்பத்தலைவியும் கொடுத்துச் சென்ற கண்ணுக்கும் ஈரலுக்கும் வணக்கம் செலுத்தக் கற்ற அரசு, கட்டிலிலே சாகும் சிப்பாயின் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பக் கற்காதா?

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து இளைஞர்களே, ஆகஸ்டு 15 கிராம சபைக்குப் போகும்போது மூன்று தீர்மானங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஊரிலே ஒரே மயானம், ஒரே பாதை, எவரும் மறிக்கக்கூடாது என்பது ஒன்று. படுக்கையிலே கிடப்போர் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியர் வைத்திருக்க வேண்டும், அதிலே முன்னாள் படைவீரரும் அவர்தம் கைம்பெண்களும் யார் யார் என்று குறித்து, காஞ்சிபுரத்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மற்றொன்று. எந்தக் கைம்பெண்ணின் வளையலையும் ஊர் கூடி உடைக்கக்கூடாது என்பது மூன்றாவது. மூன்றாவதற்குத்தான் முணுமுணுப்பு மிகும். அதை முதலிலே படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதும் படி ஒன்று கேளுங்கள். தரத் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள்.